வழக்குக்குப் பணம் போட்டவர் பெயரை எழுதுங்கள்

உரிமையியல் வழக்கு நடத்தும் இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளம் நண்பர்களுக்கு,

சார்பு நீதிமன்றத்திலும் மாவட்ட நீதிமன்றத்திலும் உரிமையியல் வழக்கு நடத்தியே தலை நரைத்த ஒருவன் உங்களுக்கு எழுதுகிறேன். இந்த மடலைச் சட்ட அமைச்சருக்கு எழுதியிருக்கலாம், உயர் நீதிமன்றத்துக்கும் அனுப்பியிருக்கலாம். அவர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. ஆனால் நாளைக் காலையில் ஒரு பிராதை எழுதப்போவது நீங்கள். ஆகவே உங்களிடம்தான் முதலில் கேட்கத் தோன்றியது.

கேட்பது ஒன்றுதான். உங்கள் கட்சிக்காரரின் வழக்குக்கு வேறொருவர் பணம் போடுகிறார், வருவதில் அவருக்குப் பங்கும் உண்டு என்றால், அந்த ஆளின் பெயரை நீதிமன்றத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு, நான் ஜூனியராக இருந்த நாளில் பார்த்த ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும்.

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. தகப்பனார் உயில் எழுதாமல் இறந்துபோனார். அவர் சம்பாதித்த நிலத்திலும் வீட்டிலும் மூன்றில் ஒரு பங்கு கேட்டு இரண்டு அண்ணன்கள் மேல் பாகப்பிரிவினை வழக்கு. ஒரு வாய்தா நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் எங்களிடம் வந்து, கிணற்றோடு ஒன்றரை ஏக்கரும் ஊருக்குள் இருக்கும் வீட்டில் ஒரு பகுதியும் தருகிறார்கள், ராஜி செய்துகொள்ளலாமா என்று கேட்டார். அம்மாவின் முகம் மலர்ந்துபோயிற்று. "எனக்கு அது போதும் தம்பி. நல்லது கெட்டதுக்கு அண்ணன் வீட்டு வாசப்படி ஏறி இறங்கினாச் சரி" என்றார்.

சொல்லிவிட்டு, நீதிமன்ற வராந்தாவுக்கு வெளியே வேப்பமரத்தடியைப் பார்த்தார். அங்கே தோல்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். அவர் இல்லை என்று தலையசைத்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேண்டாம்னு சொல்லிடுங்க தம்பி" என்றார்.

அந்த மனிதர்தான் நீதிமன்றக் கட்டணம் கட்டியவர். வக்கீல் பீசு, நிலத்தை அளக்க வந்த கமிஷனருக்கான செலவு, பஸ் காசு வரைக்கும் அவர் கைப்பணம். பதிலுக்கு அம்மா ஒரு பத்திரத்தில் கைநாட்டு வைத்திருந்தார். கிடைப்பதில் பாதி அவருக்கு. அவர் சம்மதம் இல்லாமல் ராஜி கூடாது. மீறினால் போட்ட பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும்.

நீதிபதிக்கு இது எதுவும் தெரியாது. வாதி ராஜிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் பதிவாயிற்று. கூடப்பிறந்தவள் பிடிவாதக்காரி, நம்மைத் தெருவில் நிறுத்தப் பார்க்கிறாள் என்று அண்ணன்மார் நினைத்துக்கொண்டார்கள். முதல்நிலைத் தீர்ப்பாணை அம்மாவுக்குச் சாதகமாக வந்தது. மேல்முறையீடு போனது. இறுதித் தீர்ப்பாணை வருவதற்குள் அவர் இறந்துவிட்டார். துக்கத்துக்கு நான் போயிருந்தேன். பிறந்த வீட்டுக் கோடி வரவில்லை. எடுத்துவிடலாமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா என்று பெண்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அந்த வழக்கில் சட்டம் தெரிந்தவர்கள் பலர் இருந்தோம். நானும் இருந்தேன். யாரும் வாய் திறக்கவில்லை.

வழக்குக்குப் பணம் கொடுப்பதே பாவம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். அந்த மனிதர் பணம் போடாமல் இருந்திருந்தால் அம்மா நீதிமன்ற வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது. பணமில்லாதவருக்கு உரிமை இருந்தும் இல்லாததுபோலத்தான். வெளிநாட்டிலும் அப்படித்தான்.

பிரிட்டனின் அஞ்சல் துறை வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு மென்பொருள் காட்டிய பொய்யான பற்றாக்குறையை நம்பி, கிளை அஞ்சலகங்களை நடத்திவந்த எளிய மனிதர்களைத் திருடர்கள் என்றார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், பலர் வீடு வாசலை விற்றார்கள். ஆலன் பேட்ஸ் முன்னின்று 555 பேரைத் திரட்டி வழக்குத் தொடுத்தார். அதற்குப் பணம் போட்டது வழக்குகளில் முதலீடு செய்யும் ஒரு நிறுவனம். 2019 டிசம்பரில் 5 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டுக்குச் சமரசம் ஆயிற்று. வக்கீல் செலவும் நிதி போட்டவர் பங்கும் போக 555 பேருக்கும் சேர்த்து மிஞ்சியது சுமார் 1 கோடியே 20 லட்சம் பவுண்டு. தலைக்கு ஏறத்தாழ 20,000. குடும்பத்தையே இழந்தவருக்கும் அவ்வளவுதான். அரசு பிறகு தனியாக இழப்பீட்டுத் திட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இதில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. அந்தப் பணம் வந்திராவிட்டால் உண்மை வெளிவந்திராது. அந்தப் பணம் வந்ததால் ஐந்தில் நான்கு பங்கு கை மாறிப்போயிற்று. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நியாயமாகாது. எனக்குப் பணம் கொடுப்பதில் சண்டை கிடையாது, மறைப்பதில்தான் சண்டை.

மறைந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் காக்கர் வழக்கைப் பாருங்கள். ஹல்க் ஹோகன் என்று பெயர்பெற்ற மல்யுத்த வீரர், தன் அந்தரங்கக் காணொளியை வெளியிட்டதற்காகக் காக்கர் என்ற செய்தி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். அவருடைய குறை உண்மையான குறை. 2016 மார்ச்சில் ஜூரி அவருக்குச் சாதகமாக மொத்தம் 14 கோடி டாலர் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்து இரண்டு மாதம் கழித்துத்தான், வழக்குச் செலவுக்குப் பின்னாலிருந்து பணம் கொடுத்தவர் பீட்டர் தீல் என்ற பெருஞ்செல்வர் என்று வெளியில் தெரிந்தது. 2007-இல் தன்னைப் பற்றி வந்த செய்திக்காக அந்த நிறுவனத்தின் மேல் அவருக்கு மனக்கசப்பு இருந்தது. சுமார் ஒரு கோடி டாலர் செலவழித்ததாக அவரே ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே காக்கர் திவால் மனு போட்டது.

வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்புக்குப் புரியாத ஒரு சங்கதி இருந்தது. எந்தக் கோரிக்கைக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டியிருக்குமோ அந்தக் கோரிக்கையை வாதி தரப்பு கைவிட்டது. பணம் வேண்டும் என்று வருகிறவர் பணம் வரும் வழியை ஏன் அடைக்க வேண்டும்? பின்னால் நின்றவர் யார் என்று தெரிந்த பிறகுதான் பலருக்கும் அதன் பொருள் விளங்கியது. நஷ்டஈடு வாங்குவதற்கான வழக்கு ஒன்று, எதிரியை ஒழிப்பதற்கான வழக்கு வேறொன்று. இரண்டும் ஒரே பிராதுக்குள் இருக்கும்போது அதை அறிந்துகொள்ளும் உரிமை நீதிமன்றத்துக்கு இல்லையா?

சமரசத்துக்குத் தடை போடுவது ஏழை எளியவருக்கு மட்டும் நேர்வதும் அல்ல. சிஸ்கோ என்ற அமெரிக்க உணவுப்பொருள் விநியோக நிறுவனம் உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்று. பர்ஃபோர்டு என்ற வழக்கு நிதி நிறுவனத்திடம் 14 கோடி டாலர் வாங்கி வழக்கு நடத்தியது. பிறகு எதிரிகளோடு சமரசம் செய்துகொள்ள முயன்றபோது, தொகை போதாது என்று பர்ஃபோர்டு தடுத்தது. 2023-இல் விவகாரம் நீதிமன்றத்துக்கே வந்தது. படைபலம் உள்ள நிறுவனத்தையே கட்டிப்போட முடிகிறது என்றால், கைநாட்டு வைத்த அந்த அம்மாவால் என்ன செய்திருக்க முடியும்?

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவைப் படிக்கும்போது ராம்கூமார் கூண்டூ வழக்கைப் படித்திருப்பீர்கள். பிரிவி கவுன்சில், 1872. கல்கத்தா பக்கம் ஒரு நிலம். வாங்கியவர் ஒருவர், பத்திரத்தில் இருந்த பெயர் இன்னொருவருடையது. அந்தப் பெயரை நம்பி விலை கொடுத்து வாங்கிய கூண்டூவின் மேல், நிலம் உண்மையில் எங்களுடையது என்று மக்குவீன் தம்பதி வழக்குப் போட்டார்கள். நம்பி வாங்கியவரைப் பிரிவி கவுன்சில் காப்பாற்றியது. உண்மையான உடைமையாளன் தன்னை மறைத்துக்கொண்டு வேறொருவரைக் காட்டினால், அதை நம்பியவனுக்குக் கேடு வரக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

வகுப்பில் அதோடு நிறுத்திவிடுவார்கள். கதை அங்கே முடியவில்லை. மக்குவீன் தம்பதியிடம் காசு கிடையாது. அவர்கள் வழக்குக்குப் பணம் போட்டவர் சந்திரகாந்த முகர்ஜி. கடைசி வரை போராடி ஜெயித்த கூண்டூ தரப்பு, செலவுத் தொகையை யாரிடம் வாங்குவது என்று தெரியாமல் முகர்ஜியின் மேலேயே வழக்குப் போட்டது. 1876-இல் அதே பிரிவி கவுன்சில் அதைத் தள்ளியது. பலனில் பங்கு பேசி வழக்குக்குப் பணம் போடக் கூடாது என்னும் சம்பர்டி என்ற இங்கிலாந்துத் தடை இந்தியாவுக்குப் பொருந்தாது, நியாயமான நிபந்தனையில் வழக்குக்குப் பணம் தருவது குற்றமில்லை என்றது. கூடவே ஓர் எச்சரிக்கையும் வைத்தது. கொள்ளை லாபத்துக்கான ஒப்பந்தம், வழக்கை வைத்து நடத்தும் சூதாட்டம், பிறரைத் துன்புறுத்தும் நோக்கம் ஆகியவற்றுக்கு நீதிமன்றம் துணைபோகக் கூடாது என்றது.

நல்ல தீர்ப்பு. ஆனால் ஒப்பந்தம் நியாயமானதா, கொள்ளையா என்று நீதிமன்றம் எப்போது பார்க்கும்? ஒப்பந்தம் இருப்பது தெரிந்தால்தானே? நூற்றைம்பது ஆண்டாக நம் சட்டத்தில் இருக்கும் ஓட்டை இது. நிலத்தில் பினாமியைத் தடுக்க 1988-இல் சட்டம் போட்டோம், 2016-இல் அதை இறுக்கினோம். வழக்கில் மறைந்து நிற்பவரை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறோம்.

முழுதாக விட்டுவிட்டோம் என்றும் சொல்ல முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆம் கட்டளையைத் திறந்து பாருங்கள். நீதிமன்றக் கட்டணம் கட்ட வழியில்லாத வறியவர் வழக்குப் போட அனுமதி கேட்கும் இடம் அது. வழக்குச் சொத்தில் வேறொருவருக்கு உரிமை தருவதாக ஒப்பந்தம் செய்திருந்தாலும், வழக்கு நடத்த வேறொருவர் பணம் தருவதாக ஒப்பந்தம் இருந்தாலும், அவர் மனுவைத் தள்ள வேண்டும் என்கிறது 5-ஆம் விதி. பரம ஏழையிடம் மட்டும் உன் பின்னால் யார் நிற்கிறார் என்று சட்டம் கேட்கிறது. முழுக் கட்டணத்தையும் கட்டிக்கொண்டு வருகிறவரிடம், அந்தப் பணம் யாருடையது என்ற கேள்வியே எழுவதில்லை. இது எந்த ஊர் நியாயம்?

மகாராஷ்டிரம் ஒரு படி முன்னே போயிருக்கிறது. செலவுக்குப் பிணை வாங்கும் 25-ஆம் கட்டளையை அங்கே திருத்தியிருக்கிறார்கள். வழக்குச் செலவுக்காக வாதி தன் சொத்துரிமையில் பங்கை ஒருவருக்கு மாற்றிக் கொடுத்திருந்தாலோ கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தாலோ, அவரையும் வாதியாகச் சேர்க்கலாம், அவர் மறுத்தால் பிரதிவாதியாகச் சேர்க்கலாம், செலவுக்குப் பிணை கேட்கலாம். ஆனால் அந்த விதியைப் பயன்படுத்தவும் முதலில் ஆள் இருப்பது தெரிய வேண்டும்.

தில்லி உயர் நீதிமன்றம் 2023-இல் டுமாரோ சேல்ஸ் ஏஜென்சி வழக்கில் ஏறத்தாழ கூண்டூவின் கேள்வியையே மறுபடி சந்தித்தது. நடுவர் மன்றத்தில் தோற்றவர்களிடம் செலவுத் தொகையை வசூலிக்க முடியவில்லை, பணம் போட்டவரிடம் வாங்கலாமா என்று ஜெயித்தவர்கள் கேட்டார்கள். வழக்கில் தரப்பாக இல்லாதவரைப் பிடிக்க முடியாது என்றது இருவர் அமர்வு. பணமில்லாதவருக்கு நீதி கிடைக்க இத்தகைய நிதி அவசியம் என்று சொல்லிவிட்டு, வெளிப்படைத்தன்மைக்கான விதிகள் தேவைப்படலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டது. அந்த விதிகள் நாடு முழுவதற்குமாக இன்னும் வரவில்லை.

விதி வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டுமா? நம் தொழில் விதிகள் இப்போதே பேசுகின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் போன ஏ.கே. பாலாஜி வழக்கில், 2018-இல் இந்த விஷயமும் பேசப்பட்டது. வக்கீல் தன் கட்சிக்காரர் வழக்குக்குப் பணம் போடக் கூடாது, வெளியாள் போடுவதற்குத் தடையில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அகில இந்திய பார் கவுன்சிலின் 19-ஆம் விதி இன்னும் நேரடியாக நம்மைத் தொடுகிறது. கட்சிக்காரரும் அவருடைய அதிகாரம் பெற்ற முகவரும் தவிர வேறு யார் சொல்படியும் வக்கீல் நடக்கக் கூடாது. அப்படியானால் வேப்பமரத்தடியில் நின்ற மனிதரின் தலையசைப்பு யாருடைய அறிவுரை? அன்றைக்கு நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. உங்களுக்கும் ஒருநாள் வரும். பீசு கொடுப்பவர் வேறு, கட்சிக்காரர் வேறு. கை நீட்டி வாங்கியது யாரிடமாக இருந்தாலும் நாம் வாய் திறப்பது வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவருக்காக.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதையும் நான் ஒதுக்கவில்லை. வலுத்த பிரதிவாதி இந்தத் தகவலை ஆயுதமாக்குவான், பணம் போட்டவரை மிரட்டுவான், வாதியின் கையிருப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டு அதற்கு மேல் வழக்கை இழுப்பான் என்பார்கள். உண்மையான பயம் இது. ஆகவேதான் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லவில்லை. எவ்வளவு பணம் என்று எதிரிக்குத் தெரிய வேண்டியதில்லை. வழக்கின் பலம் பலவீனம் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களும் வெளியே வர வேண்டாம். யார் போடுகிறார், அவருக்கு எந்த வகையில் பங்கு, சமரசத்துக்கு அவர் சம்மதம் தேவையா என்ற மூன்றும் போதும். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் 2021 முதல் ஏறத்தாழ இந்த மூன்றையும்தான் கேட்கிறது. சிங்கப்பூர் 2017-இல் பன்னாட்டு நடுவர் வழக்குகளுக்கு நிதி போடுவதை அனுமதித்தபோதே, ஒப்பந்தம் இருப்பதையும் போடுபவர் யார் என்பதையும் தெரிவிக்கும் கடமையை வக்கீலின் தலையில் வைத்தது. நிதி போடுபவர்கள் அதனால் ஓடிவிடவில்லை. 2021-இல் அந்த அனுமதியை வேறு வழக்குகளுக்கும் விரித்தார்கள்.

மகன் அம்மாவுக்காகக் கட்டணம் கட்டினால் அதையும் எழுத வேண்டுமா, சங்கம் தன் உறுப்பினருக்காகச் செலவு செய்தால் எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். பங்கும் கேட்காமல், ராஜியில் தலையிடாமல் கொடுப்பது உதவி. அதற்குக் கணக்குக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அறுவடையில் பங்கு கேட்பவரை மட்டும்தான் வரப்பில் ஏறி நிற்கச் சொல்கிறேன். இதே அளவுகோல் பிரதிவாதிக்கும் பொருந்த வேண்டும். அவர் பின்னால் ஒரு நிறுவனம் நின்று ராஜியைத் தடுக்கிறது என்றால் அதுவும் வெளியே வரட்டும்.

உங்களில் சிலர் நினைப்பீர்கள், இது எதிரிக்குச் செய்யும் உதவி என்று. என் அனுபவத்தில் முதலில் பிழைப்பது உங்கள் கட்சிக்காரர்தான். பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால் பாதிப் பங்கு கேட்பவர் கால்வாசிக்கு இறங்கி வருவார். ராஜியைத் தடுப்பவர் அதற்கு நீதிபதி முன்னால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கடன்பட்டவர் தன் ஊர் வட்டிக்காரரிடமே கொடுமையான நிபந்தனையில் மறுபடி கடன் வாங்கினால், அதில் தகாத செல்வாக்கு இல்லை என்று காட்டும் பொறுப்பு வட்டிக்காரருடையது. 1899 திருத்தத்தில் எழுதியது. அந்தப் பாதுகாப்பு அம்மாவுக்கும் கிடைத்திருக்கும். பத்திரம் இருட்டில் இருந்ததால் கிடைக்கவில்லை.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் அன்றைக்கே, பணம் யார் தருகிறார் என்று கேளுங்கள். பத்திரம் இருந்தால் வாங்கிப் படித்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கட்சிக்காரருக்கு அவர் பேசும் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் நாம் வெளியிட முடியாது, அது நம் தொழிலின் ரகசியக் கடமை. ஆகவே சொல்வதில் அவருக்கு என்ன நன்மை என்று விளக்கி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பிறகு பிராதில் ஒரு பத்தி சேருங்கள்: "இவ்வழக்கின் செலவுக்கு இன்னார் நிதி அளிக்கிறார். வழக்கின் பலனில் அவருக்கு இவ்வகையில் பங்கு உண்டு. சமரசம் செய்துகொள்ள அவர் சம்மதம் தேவை அல்லது தேவையில்லை." மூன்று வாக்கியம், அவ்வளவுதான். பத்திரத்தில் சமரசத்துக்குத் தடை போடும் உரிமை வெளியாளுக்கு இருந்தால், அதை நீக்கச் சொல்லி முதலில் அவரோடு பேசுங்கள். மறுத்தால் அந்த வழக்கை எடுப்பதா என்று இரண்டு முறை யோசியுங்கள்.

உங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். மகாராஷ்டிரத்து விதியைவிட ஒரு படி மேலாக, தெரிவிப்பதைக் கட்டாயமாக்கும் விதி வேண்டும் என்று உயர் நீதிமன்றத்துக்கு எழுதுங்கள். வறியவரிடம் கேட்கும் கேள்வியை எல்லாரிடமும் கேளுங்கள் என்று எழுதுங்கள்.

அந்த அம்மாவின் வழக்குக் கட்டு என்னிடம் இல்லை. ஆனால் அன்றைய நீதிபதியின் முகம் நினைவிருக்கிறது. பொறுமையான மனிதர். எங்கள் பிராதில் அந்த மூன்று வாக்கியம் இருந்திருந்தால், ராஜி வேண்டாம் என்று நாங்கள் சொன்ன அன்றைக்கு அவர் கட்டை மூடி வைத்துவிட்டு, அந்த அம்மாவைக் கூண்டுக்கு அழைத்து, "உங்களுக்கு என்னம்மா வேண்டும்?" என்று நேராகக் கேட்டிருப்பார். பதில் அவர் நாவில் தயாராக இருந்தது. அதை எங்களிடம் மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது.

அன்புடன்,
உங்கள் மூத்த தோழன்